மணி பார்த்துக் கொடுங்கள்

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு ஆபரேஷனில் பிள்ளை பெற்ற பெண் வரப்போகிறாள் என்றால், தொட்டிலுக்குப் புடவை தேடும் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இதைப் படித்துவிடுங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அத்தையாக இருக்கலாம், எண்ணூரில் ஷிப்ட் முடிந்து வரும் கணவனாக இருக்கலாம், பிரசவ வார்டில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸம்மாவாக இருக்கலாம். உங்களிடம்தான் பேசுகிறேன். அவள் வலியில் கிடக்கிறாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அவள் கேட்கவில்லை என்பதால் நீங்களும் கொடுக்க மாட்டீர்கள். ஊரெல்லாம் நடக்கிற இந்தக் கொடுமைக்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. இதைத் தடுக்கும் மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் ஏறக்குறைய இரண்டு ரூபாய்தான். அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் கிடையாது, இலவசம்.

எத்தனை பேரின் கதை இது? 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனையை மட்டும் எடுத்தால் 64, அரசு மருத்துவமனையில் 36. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் மொத்தம் 34 ஆக இருந்தது. இத்தனை ஆபரேஷன் தேவைதானா என்பது பெரிய சண்டை. அந்தச் சண்டையைப் போட வேண்டியவர்கள் போடட்டும், நானும் வருகிறேன். ஆனால் வயிற்றைக் கிழித்துத் தைத்து வெளியே அனுப்பிய பிறகு அந்தப் பெண்ணிடம் போய் அந்தச் சண்டையைப் போடுகிறோமே, அது நியாயமா?

"கத்தி வெச்சு எடுத்துட்டாங்க, நோவு தெரியாம பெத்துட்டா." ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிள்ளை பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போவதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் பெண்தான். ஐந்து பெற்றவர், பத்தாம் நாள் தண்ணீர் லாரியில் குடம் தூக்கியவர். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தை, இவள் வயிற்றில் முதலில் தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தடித்த உறை, எல்லாவற்றையும் கத்தியால் திறந்திருக்கிறார்கள். தசையை இரு பக்கமும் பிரித்து இழுத்திருக்கிறார்கள். உள்சவ்வை வெட்டி, கடைசியாகக் கருப்பையையே வெட்டியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாகத் தைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஒரு வாரம் அவன் எழுந்திருக்கவே இல்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் தேடி வந்தன. மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினாள். இவளுக்கு அதைவிடப் பெரிய வெட்டு. ஆனால் அன்று மாலையே கையில் ஒரு பச்சைக் குழந்தையைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடு என்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். வலியோடு கொடு என்பதுதான் தப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை காம்பைச் சப்பும்போது கருப்பை இறுகும். அது இயற்கை, ரத்தப்போக்கை நிறுத்தும் வேலையை அப்படித்தான் உடம்பு செய்கிறது. தைத்த கருப்பை இறுகினால் எப்படி இருக்கும்? பால் கொடுக்கும்போது அவள் பல்லைக் கடிப்பதற்குக் காரணம் அதுதான். "குழந்தை மேல பாசமே இல்ல, தூக்கக்கூட மாட்டேங்குறா" என்று பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொல்வதற்கு முன் கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள்.

வலியைப் பொறுத்தால் புண்ணியம் என்று நினைத்தால் அதற்கான விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கிறவள் எழுந்து நடக்க மாட்டாள். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் எளிதில் உறையும். அசையாமல் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டி உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கலாம். வலிக்கிறவள் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டாள், இருமல் வந்தாலும் அடக்குவாள். மணலியிலிருந்து காற்றடிக்கும் நாளில் நம் பக்கம் இருமாத வீடு உண்டா? அடக்கிய சளி நெஞ்சில் தங்கும். (இருமல் வந்தால் சின்னத் தலையணையை வெட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் போகும்.) வலிக்கிறவள் தூங்க மாட்டாள். முதல் நாட்களின் கடும் வலிக்கும் பின்னால் வரும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. பல நாடுகளில் பார்த்ததில், ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் அந்த வெட்டு வலித்துக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். முதல் மூன்று நாள் நீங்கள் காட்டும் அலட்சியத்தை அவள் அடுத்த ஆடி வரை சுமக்கலாம்.

பிள்ளை பெறுவதில் வலிதான் பெண்ணுக்கு அழகு என்று நம் ஊர் மட்டும் சொல்லவில்லை. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, இது கடவுள் விதித்ததற்கு விரோதம் என்று அங்கும் எதிர்ப்பு வந்தது. 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபால்டைப் பெற்றபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவரை வரவழைத்துக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு மெல்ல அடங்கியது. நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856இல். முதல் ரயில் கிளம்புவதற்கு மூன்று வருடம் முன்பே வலி வேண்டாம் என்று ஒரு ராணி சொல்லிவிட்டாள். எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெண் அதையே சொன்னால் இன்றும் அவளுக்குப் பெயர் "சொகுசுக்காரி".

1880இல் ராஜா சர் ராமசாமி முதலியார் என்ற வணிகர் இதே வடசென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றை உண்டாக்கினார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அவர் பெயரில் சத்திரம் ஒன்றும் உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். என்று இன்று நாம் சொல்லும் இடம் அந்த ஆஸ்பத்திரிதான். நம் தெருக்களில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையும் அங்கேயே பிறந்த குடும்பங்கள் இருக்கின்றன. வழிப்போக்கனுக்குச் சத்திரம், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆஸ்பத்திரி: அந்தக் காலத்துப் பணக்காரன் அறம் என்றால் இப்படிப் புரிந்துகொண்டான். கட்டடம் கட்டுவது அவர் வேலையாக இருந்தது, முடித்துவிட்டார். உள்ளே படுத்திருப்பவளுக்கு நேரத்துக்கு மாத்திரை போய்ச் சேர்வது நம் வேலை.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? எல்லாம் ஒரே தரம் அல்ல. எது எதற்கு என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

எல்லாவற்றிலும் நல்லது ஆபரேஷன் மேசையிலேயே தொடங்கிவிடும். முதுகில் போடும் ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும். சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். அதனோடு 100 மைக்ரோகிராம் மார்ஃபினும் சேர்த்துக் கொடுத்தால், கண்ணுக்கே தெரியாத அந்தத் துளி ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வலியைப் பிடித்துவைக்கும். அரிப்பு வரும், குமட்டல் வரலாம். மிக அரிதாக மூச்சு மெதுவாகும். அதனால்தான் அன்றைக்கு ஒரு மணிக்கொருதரம் மூச்சை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். உலக அளவில் சிசேரியன் வலிக்கு வழிகாட்டும் நிபுணர் குழுக்கள் முதலில் வைப்பது இதைத்தான். ஆனால் இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் இருப்பே கிடையாது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபினி விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. நம் பெண்ணின் முதுகுக்கு ஒரு துளி வருவதற்கு 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் காகிதக்கட்டு குறுக்கே நின்றது. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். அனுமதி வாங்கிவைக்காத நிர்வாகி இனிமேல் சட்டத்தின் மேல் பழி போட முடியாது. ஐயா, அந்த விண்ணப்பத்தை இந்த மாதமே போடுங்கள்.

மார்ஃபின் இல்லாத இடத்தில் அடுத்தது, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேன் பார்த்தபடி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. 'டாப் பிளாக்' என்பார்கள். மயக்க மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும், கருவி வேண்டும். வெட்டின் எரிச்சலை நன்றாகக் குறைக்கும். கருப்பை இறுகும் வலியைத் தொடாது. இதற்கும் வசதி இல்லையென்றால், தைத்து மூடும்போதே வெட்டின் ஓரங்களில் அந்த மருந்தைச் செலுத்திவிடலாம். கூடுதலாகச் சில நிமிடம், சில ரூபாய். இதையாவது செய்யாமல் ஒரு வயிற்றை மூடக் கூடாது என்பது என் கட்சி.

அதன் பிறகு வார்டு. இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடிவாதம்: ஊசி போட்டால்தான் வைத்தியம். தொடையிலும் பிட்டத்திலும் ஏறுகிற டைக்ளோஃபெனாக் ஊசியே ஒரு தனி வலி. அவள் இட்லி சாப்பிடத் தொடங்கிவிட்டால் அதே மருந்து மாத்திரையாகவும் வேலை செய்யும். சாப்பிட முடியாதவளுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் வருகிறது. வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாந்தி எடுப்பவளுக்கு அதைவிட நல்லது இல்லை. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பாராசிட்டமால் ஒரு பக்கம், டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென் ஒரு பக்கம், இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வலியைப் பிடிக்கும். "ஏற்கெனவே டோலோ போட்டாச்சே, இன்னொண்ணு எதுக்கு" என்று கேட்கும் மாமனார் இதைக் கவனிக்கவும்.

இரண்டையும் மீறி வலித்தால்தான் டிரமடால் போன்றவை. அது தலைசுற்றும், குமட்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் டிரமடாலும் கோடீனும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017 ஏப்ரலில் எச்சரித்தது. சிலருடைய உடம்பு அந்த மருந்தை அதிவேகமாக மாற்றிவிடுவதால் குழந்தைக்கு மூச்சுத் தடுமாறலாம் என்பது காரணம். மருத்துவமனையில், கண்காணிப்பில், ஒன்றிரண்டு வேளை மருத்துவர் கொடுப்பது வேறு. கடையில் போய் "அந்த வலுவான மாத்திரை கொடுங்க" என்று வாங்கி வருவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். சில இடங்களில் இன்னமும் பழக்கத்தில் இருக்கிற பென்டசோசின் ஊசி அவளைக் கிறங்கடித்துப் படுக்கவைக்கும். குழந்தையை மார்பில் வைத்தபடியே தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆக, ஏழைப் பெண்ணுக்கும் பணக்காரிக்கும் அடிப்படை மருந்து ஒன்றுதான்: பாராசிட்டமாலும் அதன் ஜோடி மாத்திரையும். வித்தியாசம் எப்போது கொடுக்கிறோம் என்பதில். இந்த அறவுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: வலித்தால் கொடுப்பது தப்பு, மணி அடித்தால் கொடுப்பதுதான் சரி. வலி ஏறிய பிறகு அதை இறக்க அதிக மருந்து வேண்டும், அதிக நேரம் ஆகும். ஏறவிடாமலே வைத்தால் சின்ன மாத்திரை போதும்.

மணி பார்த்து வாழ்வது நமக்கென்ன புதுசா? எண்ணூரிலிருந்து மணலி வரைக்கும் வீடே ஷிப்ட் கணக்கில்தான் நடக்கிறது. ஆறு, இரண்டு, பத்து. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஜோடி மாத்திரை அப்படியே அதில் உட்காரும்: காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து, ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஏதாவது விழுந்த பிறகு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால்: காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு பன்னிரண்டு. முதல் மூன்று நாள் தவறாமல், பிறகு வலி குறையக் குறைய ஒவ்வொன்றாக விடலாம். நள்ளிரவு மாத்திரைக்கு அலாரம் வைக்க வேண்டியவள் அவள் இல்லை. தம்பி, அது உன் ஷிப்ட்.

டாக்டர்களிடமும் ஒரு வார்த்தை. கேஸ் ஷீட்டில் வலி மருந்துக்கு நேராக 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதுகிறீர்கள். தேவைப்பட்டால் கொடு என்று பொருள். தேவையை யார் சொல்வது? நாற்பது படுக்கைக்கு ஓடும் நர்ஸ், கூப்பிட்டால் திட்டு விழும் என்று பயப்படும் பெண், "கம்முனு கெட, எல்லாரும் பெத்தவங்கதான்" என்று அடக்கும் துணைக்கு வந்த அம்மா. அந்த மூன்று எழுத்தை எழுதிய உடனே மருந்து இல்லை என்றே ஆகிவிடுகிறது. மணியை எழுதுங்கள். ஆன்டிபயாட்டிக்கை யாராவது எஸ்.ஓ.எஸ். என்று எழுதுகிறார்களா? அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்பதும் நிற்காது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புகிற மருந்துகளில் இவை அடிப்படையானவை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியனும் மருந்தும் இலவசம். ஏழு நாள் சாப்பாடும் இலவசம். பிரசவ அறையில் பெண்ணை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2017இல் மத்திய அரசு 'லக்ஷ்யா' என்ற திட்டமே கொண்டுவந்தது. மரியாதை என்பது "அம்மா" என்று கூப்பிடுவதோடு முடிவதில்லை. ரத்த அழுத்தம் எழுதும் அதே தாளில் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவதும் அதில் சேர்ந்ததே. பத்துக்கு எத்தனை? விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒரு நொடி ஆகும்.

விரல் என்றதும் இன்னொரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. கன்டெய்னர் யார்டிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்களின் மனைவிமார் இப்போது நம் வார்டுகளில்தான் பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. வலி என்பதை "தர்த்" என்று அவள் சொல்வது யாருக்கும் விளங்காவிட்டால் அவள் அமைதியான பேஷண்ட் என்று பெயர் வாங்கிவிடுவாள். பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக இருக்கும் அக்கா, அவளுக்கும் மணி பார்த்து நர்ஸைக் கூப்பிடுங்கள். நீங்கள் கொண்டுவந்த ரசத்தில் ஒரு டம்ளர் கொடுக்கத் தோன்றுகிறதே, அதே கை இதையும் செய்யட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு ஒரு படை காத்திருக்கிறது. "மாத்திர பால்ல எறங்கும், புள்ளைக்கு ஆகாது." பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் தாய்ப்பாலில் மிக மிகச் சிறிய அளவே போகும், காய்ச்சல் வந்த குழந்தைக்கே சொட்டு மருந்தாகக் கொடுப்பது இதே பாராசிட்டமாலைத்தான். பயந்து மாத்திரையை நிறுத்தினால் வலியில் பால்தான் குறையும். "முதுகுல ஊசி போட்டதால ஆயுசுக்கும் முதுகுவலி." ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். நாள்பட்ட முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குனிந்து குனிந்து பால் கொடுப்பதும் குடம் தூக்குவதும்தான் முதல் குற்றவாளிகள். ஆனால் உட்கார்ந்தால் பிளக்கிற, படுத்தால் அடங்குகிற தலைவலி வந்தால் அது அந்த ஊசியோடு தொடர்புடையதாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், வைத்தியம் உண்டு.

"தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும், புண்ணு ஆறாது." இதைவிடக் கொடிய பத்தியம் கிடையாது. தண்ணீர் இல்லாமல் மலம் இறுகும். தைத்த வயிற்றோடு முக்குவது எப்படிப்பட்ட நரகம் என்று பட்டவளைக் கேளுங்கள். பூண்டுக்குழம்பு கொடுங்கள், சுறாப்புட்டு கொடுங்கள், லேகியமும் கொடுங்கள், தண்ணீரையும் கொடுங்கள். குளிப்பாட்டும்போது வயிற்றில் கொதிக்கிற வெந்நீரை உயரத்திலிருந்து அடிக்கிற வழக்கத்தை ஆபரேஷன் வயிற்றுக்கு விட்டுவிடுங்கள். அதே சமயம், ஆயா சொல்வதெல்லாம் தப்பு என்று நினைக்கும் இளசுகளுக்கும் ஒரு செய்தி: வயிற்றில் துணி கட்டுகிறார்களே, அதில் விஷயம் இருக்கிறது. வயிற்றைத் தாங்கும் பெல்ட் சிசேரியன் வலியைக் குறைக்க உதவும் என்று இன்றைய மருத்துவ வழிகாட்டுதலிலேயே வருகிறது. மூச்சு முட்டாமல், வெட்டின் மேல் ஈரம் தங்காமல் கட்டினால் போதும்.

கணவன்மார்களே, மருந்துக்கடைக்கு ஓடுவது நீங்கள். "வலி மாத்திரை கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைக்கும் கூட்டு மாத்திரையைத் தருவார். அதற்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஓடும் பாராசிட்டமாலோடு அதுவும் சேர்ந்தால் கணக்கு இரட்டிக்கும். எந்த அட்டையில் வந்தாலும் மொத்தப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரல் கெடும். மெலிந்த பெண்ணுக்கும் ஈரல் கோளாறு உள்ளவளுக்கும் அளவு இன்னும் குறைவு. அதேபோல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நிமெசுலைடு வேண்டவே வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்க 2011இலேயே இந்திய அரசு தடை போட்டது, பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அதற்கென்ன வேலை? டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போய், அதில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, தட்டணு குறைவு, பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் எகிறியது, ரத்தம் அதிகம் போனது, இதில் எது இருந்தாலும் அந்த ஜோடி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பாராசிட்டமாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நீயும் கேள், தங்கச்சி. வாயைத் திற. "ஸ்டாஃப், ரெண்டு மணி மாத்திர இன்னும் வரல" என்று சொல். வலிக்கிறது என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் மணியைச் சொல். மணியைச் சொல்பவளை யாரும் சொகுசுக்காரி என்று திட்ட முடியாது. பால் கொடுப்பதற்கு அரை மணி முன்பு மாத்திரை விழும்படி பார்த்துக்கொள். எழும்போது நேராக எழாதே. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழு. மாடிப்படியில் குடம் தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல்; குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்று சொல்.

இத்தனை சொன்ன பிறகு எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். மாத்திரை போட்டால் நோய் மறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இயல்பான வலி நாளுக்கு நாள் இறங்கும். மணி தவறாமல் கொடுத்தும் மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏறிக்கொண்டே போனால் அது வேறு கதை. காய்ச்சல், வெட்டில் சிவப்பும் சீழும், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனையும் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சுத் திணறல், தலைவலியோடு கண் மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையைத் தேடாதீர்கள், விடியட்டும் என்று உட்காராதீர்கள். 108ஐ அழையுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம் உங்களுக்கே தெரியும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்து, சந்தேகம் வந்த உடனே கிளம்புங்கள்.